பட்ஜெட் சுற்றுலா விமானத்தில் முதல் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவிலும் நட்பிலும் யார் விமானம் ஏறுவதானாலும் டிக்கெட் போடும் வேலை பல வருடமாக என்னிடம்தான் வருகிறது. முதல் தடவை பட்ஜெட் விமானத்தில் போகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில் தெரியாமல் போனவர்கள் ஏர்போர்ட்டில் பணத்தையும் நிம்மதியையும் இழந்து நின்றதை நேரில் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

பட்ஜெட் விமானம், சுற்றுலா விமானம் என்றால் என்ன? வழக்கமான விமானத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது?

வழக்கமான நிறுவனம் சீட், பெட்டி, சாப்பாடு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலையாகச் சொல்லும். பட்ஜெட் நிறுவனம் சீட்டை மட்டும் விற்கும். மற்ற ஒவ்வொன்றையும் வேண்டுமானால் தனியாக வாங்கிக்கொள்ளலாம். ரையன்ஏர், ஈஸிஜெட், ஏர்ஏசியா, இண்டிகோ எல்லாம் இந்த வகையில் வளர்ந்த நிறுவனங்கள்.

சுற்றுலா விமானம் இதற்குள் ஒரு தனி வகை. அலீஜியன்ட், ஜெட்2, டியூஐ போன்றவை விடுமுறைக்குப் போகிறவர்களை மனதில் வைத்தே ஓடுகின்றன. சிறிய ஊரிலிருந்து கடற்கரைக்கோ தீவுக்கோ நேராகப் பறக்கும். ஆனால் தினமும் பறக்காது. பல தடங்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான், சில தடங்களில் சீசனில் மட்டும்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விமானம் ரத்தாகும்போது என்ன செய்வது என்ற கேள்வியில் இது பெரிய விஷயமாக வரும்.

இவ்வளவு குறைவாக எப்படி விற்கிறார்கள்? பாதுகாப்பில் கை வைக்கிறார்களா?

எல்லோருக்கும் மனதில் இருக்கும் பயம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் 1971-ல் மூன்று விமானங்களோடு தொடங்கிய நிறுவனம். நான்காவதாக ஒன்றை வாங்கியது, ஆனால் 1972-ல் பண நெருக்கடியில் அதை விற்க வேண்டி வந்தது. நான்கு விமானம் ஓட்டிய அட்டவணையை மூன்றை வைத்தே ஓட்டுவது என்று முடிவு செய்தார்கள். அதற்கு ஒரே வழி, வந்து இறங்கிய விமானத்தைப் பத்து நிமிடத்தில் திரும்பப் பறக்க விடுவது. அதைச் செய்தும் காட்டினார்கள். இன்று பட்ஜெட் நிறுவனங்கள் பொதுவாக 25, 30 நிமிடத்தில் விமானத்தைத் திருப்புகின்றன. ஒரே விமானம் ஒரு நாளில் கூடுதலாக ஒன்றிரண்டு தடவை பறந்தால் அதன் செலவு அதிக டிக்கெட்டுகளில் பகிர்ந்துவிடும்.

அடுத்தது ஒரே ரக விமானம். போயிங் 737 மட்டும், அல்லது ஏர்பஸ் ஏ320 குடும்பம் மட்டும் என்று வைத்துக்கொண்டால் விமானிகளுக்கு ஒரே பயிற்சி, பணிமனைக்கு ஒரே வகை உதிரிபாகம். அப்புறம் சீட் எண்ணிக்கை. 737-800 விமானத்தை இரண்டு வகுப்பாகப் பிரித்து ஓட்டுகிறவர்கள் 160 சீட் அளவில் வைக்கிறார்கள். பட்ஜெட் நிறுவனங்கள் 189 சீட் வரை வைக்கின்றன. பெரிய ஏர்போர்ட்டை விட்டுத் தள்ளியிருக்கும் சிறிய ஏர்போர்ட்டுகளுக்குப் போவதால் கட்டணமும் குறைகிறது.

இந்த மிச்சத்தில் எதுவும் பராமரிப்பிலிருந்து வருவதில்லை. விமானிக்கான உரிமம், எத்தனை மணி நேரம் பறந்தால் எந்தச் சோதனை என்ற விதி, விமானி எவ்வளவு ஓய்வு எடுக்க வேண்டும் என்ற வரம்பு எல்லாம் அந்தந்த நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையம் வைப்பது. டிக்கெட் விலையைப் பார்த்து அது மாறாது. தெரியாத நிறுவனம் என்றால் இரண்டு பட்டியல்களைப் பாருங்கள். பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா 2003 முதல் நடத்தும் பாதுகாப்புத் தணிக்கையில் தேறியவர்கள் பட்டியல் ஒன்று. தன் வான்வெளியில் பறக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் வெளியிடும் தடைப்பட்டியல் இன்னொன்று. இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் பட்டியலில் இல்லாததாலேயே ஒரு நிறுவனம் மோசம் என்று ஆகாது. இரண்டாவதில் இருந்தால் நான் ஏற மாட்டேன்.

திரையில் தெரியும் விலைதான் நான் கட்டப்போகும் தொகையா?

பெரும்பாலும் இல்லை. டிக்கெட் போடும் முன் ஒரு தாளை எடுத்து இப்படிக் கணக்குப் போடுங்கள். புரிவதற்காக டிக்கெட் விலையை, போக 100, வர 100 என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்குக் கட்டணம் ஒவ்வொரு வழிக்கும் தனி. அது 45 என்றால் போக வர 90. சீட் தேர்வு 12 என்றால் 24. தள்ளியிருக்கும் ஏர்போர்ட்டுக்குப் பேருந்து, இரண்டு பக்கமும் சேர்த்து 50. கார்டுக்கான கட்டணம் இருந்தால் ஒரு 6. ஆக 200 என்று தெரிந்தது 370 ஆகிவிட்டது. வழக்கமான நிறுவனம் அதே நாளில் பெட்டியோடு சேர்த்து 340 கேட்டால் அதில் போவதே லாபம்.

அதே பயணத்தைச் சின்னப் பை ஒன்றோடு, எந்த சீட் கிடைத்தாலும் சரி என்று போகிறவருக்குப் பேருந்தும் கார்டுக் கட்டணமும் சேர்த்தே 256 மட்டுமே. இந்த டிக்கெட் யாருக்கு மலிவு என்றால், குறைவான சாமானோடு போகிறவருக்கு. ஒப்பிடும்போது கடைசித் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். முதல் பக்கத்தில் தெரியும் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் நன்றாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரே பொருளுக்கு, ஏர்போர்ட்டை நெருங்க நெருங்க விலை ஏறும். பெட்டிக்கான கட்டணம் டிக்கெட் வாங்கும்போது குறைவு, பிறகு இணையத்தில் சேர்த்தால் கொஞ்சம் அதிகம், கவுண்டரில் இன்னும் அதிகம், விமானம் ஏறும் வாசலான கேட்டில் மிக அதிகம். வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடிந்த எதையும் ஏர்போர்ட்டுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

டிக்கெட்டை எங்கே வாங்குவது நல்லது?

நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலோ செயலியிலோ. மற்ற தளங்களில் விலையைத் தேடிப் பாருங்கள், தப்பில்லை. வாங்கும்போது நேரடியாகப் போய்விடுங்கள். இடைத்தரகர் தளத்தில் வாங்கினால் சில சமயம் உங்கள் மின்னஞ்சலும் போன் நம்பரும் விமான நிறுவனத்துக்குப் போய்ச் சேராது. நேரம் மாறினால் தகவல் தரகருக்கு வரும், உங்களுக்கு வராது. சுற்றுலா விமானங்களில் நேரம் மாறுவது சாதாரணம் என்பதால் இது முக்கியம். பணம் திரும்ப வர வேண்டிய நிலை வந்தாலும் இருவரில் யாரைக் கேட்பது என்று அலைய வேண்டியிருக்கும்.

பணம் கட்டும் பக்கத்தில் நிதானமாக இருங்கள். காப்பீடு, வாடகைக் கார், குறுஞ்செய்தித் தகவல் என்று வரிசையாகக் கேட்கும். எது ஏற்கெனவே டிக் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். ‘உங்கள் நாட்டுப் பணத்திலேயே கட்டலாம்’ என்று ஒரு வசதி வந்தால் பெரும்பாலும் மாற்று விகிதம் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. டிக்கெட் எந்தப் பணத்தில் இருக்கிறதோ அதிலேயே கட்டி, மாற்றும் வேலையை உங்கள் வங்கிக்கு விடுவதே பொதுவாக நல்லது.

பெயரை எப்படிக் கொடுக்க வேண்டும்?

பாஸ்போர்ட்டிலோ அடையாள அட்டையிலோ இருப்பது எழுத்துக்கு எழுத்து அப்படியே. இனிஷியல் விரிவாக அச்சாகியிருந்தால் விரிவாகவே கொடுங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக இருக்காது, படிவமோ அதைக் கட்டாயம் கேட்கும். ஒற்றைப் பெயர்க்காரர்கள் என்ன நிரப்ப வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் தளத்தில் சொல்லியிருக்கும். அதைப் படித்துவிட்டே நிரப்புங்கள். வாங்கிய பிறகு பெயரைத் திருத்தினால் சில நிறுவனங்களில் டிக்கெட் அளவுக்கே கட்டணம் வரும். ஆனால் சின்ன எழுத்துப்பிழையை, வாங்கிய ஒன்றிரண்டு நாளுக்குள் சொன்னால் இலவசமாகத் திருத்திக் கொடுப்பவர்களும் உண்டு. அதனால் உறுதி மின்னஞ்சல் வந்த அன்றே திறந்து பெயர், தேதி, ஊர் மூன்றையும் சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

கையில் என்ன பை கொண்டு போகலாம்?

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பல நிறுவனங்களில் அடிப்படை டிக்கெட்டில் முன் சீட்டுக்கு அடியில் நுழையும் ஒரு சின்னப் பை மட்டுமே சேர்த்தி. ரையன்ஏர், விஸ்ஏர் இரண்டிலும் அதன் அளவு 40×30×20 செ.மீ. பள்ளிக்கூடப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் வைக்கும் சக்கரப் பெட்டி வேறு, இவர்களிடம் அதற்குத் தனியாகப் பணம். நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறும், அடிக்கடி திருத்தவும் செய்கிறார்கள். அதனால் போன வருடம் சரியாக இருந்த பை இந்த வருடமும் சரி என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரு தடவை கேட்டில் எனக்கு முன்னால் வயதான அம்மா ஒருவர் நின்றிருந்தார். கையில் நீல நிறச் சக்கரப் பெட்டி, பார்க்கச் சின்னதுதான். கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த இரும்புக் கூண்டில் அதை இறக்கிப் பார்க்கச் சொன்னார்கள். பெட்டி உள்ளே போனது, சக்கரம் மட்டும் இரண்டு விரல் அளவு வெளியே நின்றது. திருப்பி வைத்தார், அமுக்கினார், போகவில்லை. அப்புறம் தரையிலேயே உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். மேலே மருந்து டப்பா, கீழே துணியில் பொதிந்த குழந்தைச் சட்டை. ஸ்வெட்டரை எடுத்து மேலே போட்டுக்கொண்டார், அதற்கு மேல் இன்னொன்று. உள்ளே இடம் கிடைத்தது. ஆனால் சக்கரம் எப்படிச் சுருங்கும்? வரிசை அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கார்டைத் தேய்த்துப் பணம் கட்டினார். கை நடுங்கியது. அந்தப் பெட்டிக்கு முதல் நாள் இரவு இணையத்தில் அதில் பாதிகூட ஆகியிருக்காது. பக்கத்தில் இருந்து அவருக்குச் சொல்ல யாரும் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் பையை வெறுமனே அளக்காதீர்கள். முழுக்க அடைத்த பிறகு, சக்கரம், கைப்பிடி, வெளிப் பாக்கெட் எல்லாம் சேர்த்து டேப்பால் அளங்கள். சக்கரமே இல்லாத மெத்தென்ற துணிப்பைதான் என் சிபாரிசு. அரை அங்குலம் கூடினாலும் அமுக்கினால் உள்ளே போகும். வாங்கும் கடையில் ‘கேபின் சைஸ்’ என்று ஒட்டியிருந்தால் நம்பாதீர்கள், அது எந்த நிறுவனத்தின் அளவு என்று யாருக்கும் தெரியாது.

பெரிய பெட்டியின் எடையை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ள முடியுமா?

ஒரே புக்கிங்கில் இருந்தால் சில நிறுவனங்கள் மொத்த எடையாகப் பார்க்கும், சில பெட்டிக்குப் பெட்டி பார்க்கும். விதியைப் பாருங்கள். எது எப்படியானாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. அதைத் தூக்குகிற தொழிலாளியின் முதுகுக்காக வைத்த வரம்பு அது. கொக்கியில் மாட்டித் தூக்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பவர் பேங்க், தண்ணீர், கிரீம் எல்லாம்?

பவர் பேங்க் கையில் இருக்கும் பையில்தான் இருக்க வேண்டும். சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் வைக்கவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பயணிகள் அறையில் உடனே அணைக்க ஆள் இருக்கிறது, கீழே இல்லை. 2025 ஜனவரியில் தென்கொரியாவில் புறப்படத் தயாராக நின்ற ஒரு விமானம் தீப்பிடித்து எரிந்தது. தலைக்கு மேல் தட்டில் வைத்த பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் தெரியவந்தது. அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் மேல் தட்டில் வைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கச் சொல்கின்றன.

வரம்பு 100 வாட்-மணி. அதற்கு மேல் 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும். உங்களுடையதில் மில்லி ஆம்பியர்-மணி (mAh) மட்டும் எழுதியிருந்தால், அதை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 20,000 என்றால் 74 வாட்-மணி, தாராளமாகப் போகலாம். எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைச் சில ஏர்போர்ட்டுகளில் பிடுங்கிவிடுவார்கள், அதைக் கொண்டு போகாதீர்கள்.

திரவம் எதுவானாலும் பாட்டில் 100 மி.லி.க்கு மேல் இருக்கக் கூடாது, எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் அளவுள்ள ஒளிபுகும் பைக்குள் அடங்க வேண்டும். 2006-ல் திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி பிரிட்டனில் பிடிபட்டதிலிருந்து வந்த விதி இது. புதிய ஸ்கேனர் வைத்த சில ஏர்போர்ட்டுகள் தளர்த்தியிருக்கின்றன. ஆனால் திரும்பி வரும் ஏர்போர்ட்டில் பழைய விதியே இருக்கலாம், அதனால் 100 மி.லி.யிலேயே நில்லுங்கள். காலி பாட்டிலைக் கொண்டு போய்ச் சோதனைக்குப் பிறகு தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம். மருந்து, குழந்தையின் பால் இரண்டுக்கும் பொதுவாக விலக்கு உண்டு. கேட்டால் காட்ட மருந்துச் சீட்டை உடன் வையுங்கள்.

செக்-இன் எப்போது, எப்படிச் செய்வது?

செக்-இன் என்பது பயணத்தை உறுதி செய்து, விமானம் ஏறுவதற்கான போர்டிங் பாஸ் என்ற சீட்டை வாங்குவது. அதை வீட்டிலிருந்தே இணையத்தில் செய்ய வேண்டும். பல நிறுவனங்களில் இது சலுகை இல்லை, கட்டாயம். செய்யாமல் கவுண்டரில் போய் நின்றால் கட்டணம் கேட்பார்கள், சில சமயம் அது டிக்கெட்டை விடவும் அதிகம். பொதுவாகப் புறப்பட 24 அல்லது 48 மணி நேரம் முன்பு திறக்கும், ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு மூடிவிடும். எப்போது திறக்கிறதோ அப்போது போனில் அலாரம் வைத்துச் செய்துவிடுங்கள்.

போர்டிங் பாஸ் எந்த வடிவில் வேண்டும் என்றும் பாருங்கள். சிலர் அச்சடித்தது கேட்கிறார்கள். ரையன்ஏர் 2025 நவம்பரில் காகிதத்தை நிறுத்தி, போன் செயலியில் இருப்பதையே காட்ட வேண்டும் என்று மாற்றிவிட்டது. போனில் என்றால் ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள், சார்ஜ் நிறைய இருக்கட்டும்.

விசா எடுத்துப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணையத்தில் செக்-இன் முடிந்திருந்தாலும், பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே கவுண்டரில் பாஸ்போர்ட்டையும் விசாவையும் காட்டி முத்திரை வாங்கி வரச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. போர்டிங் பாஸில் சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் நேரே கேட்டுக்குப் போய்த் திரும்பி ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

சீட்டுக்குப் பணம் கட்ட வேண்டுமா?

கட்டாயம் இல்லை. கட்டாவிட்டால் கம்ப்யூட்டர் தானாக ஒன்றைக் கொடுக்கும், நடு சீட்டாக இருக்கலாம், கூட வந்தவர் பத்து வரிசை தள்ளி இருக்கலாம். ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்துக்குத் தனியாகப் போகிறவர் கட்ட வேண்டாம் என்பேன். சின்னக் குழந்தையோடு போகிறவர்களுக்கு மட்டும் சந்தேகத்துக்கு இடமே வைக்காதீர்கள். குழந்தையின் பக்கத்தில் ஒரு பெரியவரை இலவசமாக உட்கார வைப்பதாகப் பல நிறுவனங்கள் சொல்கின்றன. உங்கள் நிறுவனம் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பணம் கட்டிவிடுங்கள்.

ஏர்போர்ட் பெயரில் ஊர் பெயர் இருக்கிறது, ஊருக்குள்தான் இருக்குமா?

வரைபடத்தைத் திறந்து பாருங்கள். பாரிஸ் பெயரில் விற்கப்படும் போவே (Beauvais) ஏர்போர்ட் பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். ஸ்டாக்ஹோம் ஸ்கவ்ஸ்டா ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஃபிராங்க்ஃபர்ட் ஹான் அதற்கும் மேல். ராத்திரி பதினொன்றுக்கு இறங்கினால் கடைசிப் பேருந்து இருக்குமா, இல்லாவிட்டால் டாக்ஸிக்கு எவ்வளவு ஆகும் என்பதை டிக்கெட் வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

எவ்வளவு முன்னதாகப் போக வேண்டும்?

உள்நாட்டுக்கு இரண்டு மணி நேரம், வெளிநாட்டுக்கு மூன்று மணி நேரம். பெட்டி போடும் கவுண்டர் 40 முதல் 60 நிமிடம் முன்பே மூடிவிடும். டிக்கெட்டில் இருக்கும் நேரம் விமானம் நகரும் நேரம். கேட் அதற்கு 15 முதல் 30 நிமிடம் முன்பே மூடப்படும், மூடினால் திறக்க மாட்டார்கள்.

இரண்டு பட்ஜெட் டிக்கெட்டுகளைச் சேர்த்து வழியில் மாறிப் போகலாமா?

போகலாம், ஆனால் ஆபத்தை முழுக்க நீங்களே சுமக்கிறீர்கள். இரண்டும் தனித்தனி ஒப்பந்தம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டால், இரண்டாம் நிறுவனம் ‘நீங்கள் வரவில்லை’ என்று எழுதிக்கொள்ளும். பெட்டியும் தானாகக் கடைசி ஊருக்குப் போகாது. இறங்கி எடுத்து, மறுபடி வரிசையில் நின்று போட வேண்டும். வெளிநாடு என்றால் அதற்காகவே அந்த இடைப்பட்ட நாட்டின் விசாகூடத் தேவைப்படலாம். குறைந்தது நாலைந்து மணி நேரம் இடைவெளி வையுங்கள். திருமணம், தேர்வு போல தள்ளிப்போட முடியாத காரணத்துக்குப் போகிறீர்கள் என்றால் இப்படிப் போகவே வேண்டாம்.

உள்ளே என்னென்ன இருக்கும்?

சீட் இருக்கும், கழிப்பறை இருக்கும். சாப்பாடும் தண்ணீரும் விலைக்குக் கிடைக்கும், பெரும்பாலும் கார்டு மட்டும்தான் வாங்குவார்கள். திரை இருக்காது, சார்ஜ் போடும் இடம் இல்லாமல் போகலாம், போர்வை கிடைக்காது. பல விமானங்களில் சீட் பின்னால் சாயாது. முழங்காலுக்கு முன்னால் இடம் குறைவுதான். பார்க்க வேண்டியதை, படிக்க வேண்டியதைப் போனில் இறக்கிக்கொண்டு, ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காது அடைத்து வலிக்குமாமே?

இறங்கும்போதுதான் அதிகம் அடைக்கும். உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல வைத்திருப்பார்கள், இறங்க இறங்க அது கூடும். எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், மிட்டாய் சப்புங்கள். கைக்குழந்தைக்கு இறங்கும் நேரத்தில் பால் கொடுங்கள். கடும் சளி இருந்தால் கிளம்பும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

வயதானவர்களுக்குச் சக்கர நாற்காலி கிடைக்குமா?

கிடைக்கும். ஐரோப்பா, அமெரிக்கா உட்படப் பல இடங்களில் இதற்குப் பணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். புறப்பட 48 மணி நேரம் முன்பே பதிவு செய்யுங்கள். பட்ஜெட் விமானங்களில் பல நேரம் பேருந்தில் போய்ப் படி ஏறித்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். அப்பா அம்மாவுக்கு நடக்க முடிந்தாலும் படி ஏற முடியுமா என்று நினைத்துப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். கூச்சப்பட்டு வேண்டாம் என்பார்கள், நீங்கள் போட்டுவிடுங்கள்.

இரண்டு வயது முடியாத குழந்தை மடியில் போகலாம், பல நிறுவனங்களில் அதற்கும் ஒரு கட்டணம் உண்டு. திரும்பும் தேதிக்குள் இரண்டு வயது முடிகிறதென்றால் திரும்பும் பயணத்துக்குத் தனி சீட் வாங்க வேண்டும்.

விமானம் தாமதமானாலோ ரத்தானாலோ என்ன செய்வது?

தினமும் நாலு தடவை பறக்கும் தடத்தில் ஒன்று ரத்தானால் அடுத்ததில் ஏற்றிவிடுவார்கள். வாரத்துக்கு இரண்டே நாள் பறக்கும் சுற்றுலாத் தடத்தில் அடுத்த விமானம் மூன்று நாள் கழித்து இருக்கலாம். வேறு நிறுவனத்தில் மாற்றிவிடும் ஒப்பந்தமும் பெரும்பாலும் இவர்களிடம் இருக்காது. ஆகவே கிளம்பும் முன்பே, அதே ஊருக்கு வேறு யார் பறக்கிறார்கள், ரயிலோ பேருந்தோ உண்டா என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குத் திரும்ப வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு வந்து சேர்வது போல டிக்கெட் போடாதீர்கள், ஒரு நாள் மிச்சம் வையுங்கள்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி நிறுவனமே ரத்து செய்தால், பணத்தைத் திரும்பப் பெறுவதா, வேறு வழியில் போய்ச் சேருவதா என்று தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. காத்திருக்கும் நேரத்தில் சாப்பாடு, இரவானால் தங்குமிடம் தர வேண்டும். மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்து, அதற்குக் காரணம் நிறுவனத்தின் கையில் இருந்ததென்றால் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடும் உண்டு. புயல் போன்றவற்றுக்கு இழப்பீடு கிடையாது, ஆனால் சாப்பாடும் தங்குமிடமும் அப்போதும் உண்டு. பட்ஜெட் டிக்கெட் என்பதால் இந்த உரிமை ஒரு துளியும் குறையாது. அமெரிக்காவில் நிறுவனம் ரத்து செய்து, மாற்று விமானம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

கூப்பன் கொடுக்கிறோம் என்று முதலில் சொல்வார்கள். பணம் வேண்டுமானால் கூப்பனை ஏற்கும் பொத்தானை அழுத்தாதீர்கள், அழுத்தினால் பணம் கேட்கும் உரிமை போய்விடலாம். அறிவிப்புப் பலகையைப் படம் எடுங்கள், செலவழித்த ரசீது ஒவ்வொன்றையும் பத்திரமாக வையுங்கள், நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போதே செயலியிலும் முயன்று பாருங்கள்.

நானே பயணத்தை ரத்து செய்ய வேண்டி வந்தால்?

அடிப்படை டிக்கெட்டில் பெரும்பாலும் பணம் திரும்பாது. விமான நிலைய வரி மட்டும் சில இடங்களில் திரும்பக் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். அமெரிக்க விதி ஒன்று தெரிந்திருக்கட்டும்: புறப்பட 7 நாளாவது இருக்கும்போது நிறுவனத்திடமே வாங்கிய டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் முழுப் பணத்தோடு ரத்து செய்ய விட வேண்டும், அல்லது பணம் கட்டாமல் அதே விலையில் 24 மணி நேரம் நிறுத்திவைக்க விட வேண்டும். பயணக் காப்பீடு எடுப்பதானால் டிக்கெட் வாங்கிய கையோடு எடுங்கள். நோய் வந்த பிறகு எடுத்தால் அந்த நோய்க்குக் காப்பீடு உதவாது.

பெட்டி உடைந்து வந்தால், வராமலே போனால்?

ஏர்போர்ட்டை விட்டு வெளியே வராதீர்கள். பெட்டி வரும் பட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் கவுண்டரில் புகார் எழுதி, அதன் எண்ணை வாங்கிக்கொண்டுதான் நகர வேண்டும். வெளிநாட்டுப் பயணம் என்றால் பெரும்பாலான நாடுகள் ஏற்றுக்கொண்ட 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். உடைந்ததற்கு 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்ததற்கு, பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள். 21 நாளாகியும் வரவில்லை என்றால் தொலைந்ததாகக் கொள்ளலாம். நகை, மருந்து, சான்றிதழ், லேப்டாப் எதையும் பெரிய பெட்டியில் போடாதீர்கள். பெட்டியை மூடும் முன் திறந்த நிலையில் ஒரு படம், மூடிய பிறகு ஒரு படம். உள்ளே என்ன இருந்தது என்று பின்னால் கேட்டால் அந்தப் படம்தான் பேசும்.

திரும்பி வரும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதாவது?

போகும்போது எல்லாம் சரியாகச் செய்தவர்கள் திரும்பும்போதுதான் தவறவிடுகிறார்கள். முதல் காரணம், பை ஊதியிருக்கும். வாங்கிய பொருள், ஈரத்துணி, மடிக்காமல் திணித்த சட்டை. கிளம்பும் முதல் நாளே பையை அடைத்து, அளந்து, எடை போடுங்கள். கூடியிருந்தால் இணையத்திலேயே பெட்டிக்குப் பணம் கட்டிவிடுங்கள்.

இரண்டாவது, திரும்பும் பயணத்துக்கும் தனியாக செக்-இன் செய்ய வேண்டும். சுற்றிக்கொண்டிருக்கும்போது அது மறந்துபோகும், போன இடத்தில் இணையமும் சரியாக இருக்காது. சீட்டுக்குப் பணம் கட்டினால் இரண்டு வழிக்கும் முன்கூட்டியே செக்-இன் செய்ய விடும் நிறுவனங்கள் உண்டு. வெளிநாட்டுக்குப் போகும் பெரியவர்களுக்கு நான் அப்படித்தான் போட்டுக் கொடுக்கிறேன்.

கடலில் ஸ்கூபா டைவிங் செய்திருந்தால் கடைசியாக முங்கி எழுந்ததற்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் வேண்டும், ஒரு முழு நாள் விட்டால் இன்னும் நல்லது. உடலில் கரைந்த நைட்ரஜன் மேலே போனதும் குமிழாகும், அது உயிருக்கே ஆபத்து. காலையில் விமானம் என்றால் முந்தின நாள் முழுக்கத் தண்ணீருக்கு மேலேயே இருங்கள்.

அப்புறம், திரும்பும் விமானத்தின் நேரத்தை முதல் நாள் இரவு செயலியில் ஒரு தடவை பாருங்கள். மாறியிருந்தால் ஏர்போர்ட்டுக்குப் போகும் பேருந்தையும் அப்போதே மாற்றிக்கொள்ளலாம்.